ஒப்பந்தமும் உளச்சம்மதமும்

சொல் மக்கட்கே உரிய செல்வம். நாளை செய்யப்போவதை இன்றே சொல்லி, அச்சொல்லைப் பிறர் நம்பித் தம் காரியங்களை அமைத்துக்கொள்ளுமாறு வாழ்வது மக்களினம் ஒன்றே. உழவன் விதைநெல் பெற்று, அறுவடைக்குப் பின் தருவதாகச் சொல்லுகின்றான். குடியிருக்க வருபவர் திங்கள் தவறாமல் வாடகை தருவதாகச் சொல்லுகின்றார். தச்சர் முன்பணம் பெற்று, திருமணத்துக்கு முன் கட்டிலை முடித்துத் தருவதாகச் சொல்லுகின்றார். இச்சொற்கள் காற்றோடு போகாதவாறு அரசு இடும் வேலியே ஒப்பந்தச் சட்டம். நம் நாட்டில் அது 1872ஆம் ஆண்டின் 9ஆம் சட்டமாக இயற்றப்பெற்று, அவ்வாண்டு செப்டம்பர்த் திங்கள் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. சரக்கு விற்பனை பற்றிய பகுதி 1930ஆம் ஆண்டிலும், கூட்டு வாணிகம் பற்றிய பகுதி 1932ஆம் ஆண்டிலும் தனித்தனிச் சட்டங்களாகப் பிரிந்து சென்றன. எஞ்சிய பகுதி நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் நம் அன்றாட வாழ்வை ஆண்டு வருகின்றது.

யாம் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர். ஓராண்டாக மாலை வேளைகளில் சட்ட உதவியாளர்க்கான பயிற்சி வகுப்பு ஒன்றிலும் பயின்று வருகின்றோம். இதனை அறிந்த நண்பர் சிலர், 'தொல்காப்பியம் படிப்பவர்க்குப் புரோநோட்டு எதற்கு?' என்று நகைப்பதுண்டு. அவர்கட்கு விடை கூறுதல் எம் கடமை. ஆனால், இக்கட்டுரை எழுதப் புகுந்தமைக்கு அதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. அஃது எமக்குப் பெருமை தருவதன்று. எனினும் மறைக்கத் தக்கதுமன்று.

பயிற்சியின் ஒரு பகுதியாக, வக்கீல் ஒருவரின் அலுவலகத்தில் முதிய குமாஸ்தா ஒருவர்க்கு உதவியாகச் சில வாரங்கள் இருந்தோம். ஒரு நாள், வக்கீல் வெளியூர் சென்றிருந்த வேளையில், ஜாமீன் பத்திரம் ஒன்றைக் கணினியில் செம்மையாக எழுதும் பணி எமக்குத் தரப்பட்டது. சுமை வண்டி வாங்க ஒருவர் 2 லட்சம் ரூபாய் கடன் பெறுகின்றார். அவர் மாமியார் ஜாமீன் நிற்கின்றார். பழைய பத்திரம் ஒன்றைப் பார்த்து, பெயரையும் தொகையையும் மாற்றி எழுதினோம். அதன் இறுதியில், 'மேற்கண்ட வாசகங்களை வாசிக்கக் கேட்டு, பொருள் நன்கு விளங்கி, மனப்பூர்வமாகச் சம்மதித்துக் கைந்நாட்டு வைத்தேன்' என்னும் வழக்கமான வரியும் இருந்தது. அவ்வரியையும் பிழையின்றி எழுதினோம்.

அம்மையார் வந்தார். எழுபது வயது இருக்கலாம். பத்திரத்தை எவரும் அவர்க்கு வாசிக்கவில்லை. மைத்தட்டில் பெருவிரலைப் பதித்தபின், எம்மை நோக்கி, "இது சாட்சிக் கைந்நாட்டுத்தானே, தம்பி?" என்று வினவினார். மருமகன், "ஆமாம், அத்தை, வெறும் சாட்சிதான்" என்றார். கடன் கொடுப்பவரின் ஆள் அருகிலேயே நின்றார். குமாஸ்தா அடுத்த கட்டை எடுத்துக்கொண்டிருந்தார். யாம் வாய் திறக்கவில்லை. சாட்சிக்கும் ஜாமீன்தாரருக்கும் வேறுபாடு உண்டு என்பது அன்று எமக்கும் மங்கலாகத் தெரியும். ஆனால் அவ்வேறுபாடு எத்துணைப் பெரிது என்பது தெரியாது. விரல் பதிந்தது, காகிதம் கை மாறியது.

அடுத்த வாரம் வகுப்பில் ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு நடத்தப்பெற்றது. வேறு விதமாக எழுதிக்கொண்டாலன்றி, ஜாமீன் நின்றவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்பு முழுமைக்கும் ஒத்தது என்பது அதன் கருத்து. கடன்காரரைத் துரத்தித் துரத்தி, அவரிடம் ஒன்றும் பெயராது என்று கண்ட பின்னரே ஜாமீன்தாரரிடம் வரவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. நேரே அவரிடமே வரலாம் என்று 1969ஆம் ஆண்டு பீகார் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியுள்ளது. 'அம்மையார்க்கு இதனால் ஒரு காசும் பயன் இல்லையே' என்றும் வாதிட இயலாது. கடன் வாங்கியவர்க்குச் செய்த உதவியே ஜாமீனுக்குப் போதிய மறுபயன் என்கின்றது 127ஆம் பிரிவு. வேதாகமத்தின் நீதிமொழிகள் நூல் பிணைப்படுதலைப் பற்றி ஏன் பலகாலும் எச்சரிக்கின்றது என்பது அன்று விளங்கிற்று.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அவர்க்குச் சட்டத்தில் வழியே இல்லையோ என்று மேலும் படித்தோம். வழி இருந்தது. கடன் கொடுத்தவர் தாமே திரித்துரைத்தோ, அவர் அறிந்து உடன்பட்டிருக்கப் பிறர் திரித்துரைத்தோ, முக்கியமான ஒரு பகுதியைப் பற்றிப் பொய் சொல்லிப் பெற்ற ஜாமீன் செல்லாது என்று 142ஆம் பிரிவு கூறுகின்றது. ஆனால் அதனை அம்மையார் மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்கப் புகுந்தால், அவர்க்கு எதிராக முதலில் நீட்டப்படுவது யாது? 'வாசிக்கக் கேட்டு, பொருள் நன்கு விளங்கி' என்னும் அவ்வரியே. சட்டம் திறந்து வைத்த கதவை எம் விரல்கள் அடைத்துவிட்டன.

இதனால் யாம் கொண்ட கருத்தைச் சுருங்கச் சொல்லுவோம். பத்திரம் எழுதும் தொழிலுக்குப் பயிற்சி பெறுவோர், படிவங்களைக் கற்பதற்கு முன்னரே ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படைகளைக் கற்றல் வேண்டும். அவற்றைத் தமிழில் கற்றல் வேண்டும். கைந்நாட்டு வைப்பவர்க்கு வாசித்துப் பொருள் சொல்லுதலைத் தம் தொழிலின் முதற் கடமையாகக் கொள்ளுதல் வேண்டும்.

அடிப்படைகள் யாவை? அவை அஞ்சத்தக்க அளவு பெரியன அல்ல. தமிழ் மாணவர்க்கு அச்சட்டத்தின் 2ஆம் பிரிவு ஓர் இலக்கண நூல் போலவே தோன்றும். எழுத்து சேர்ந்து சொல்லாகவும், சொல் சேர்ந்து தொடராகவும் அமைவதுபோல, அங்கும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்பட்டுள்ளது. ஒருவர் தம் விருப்பத்தை வெளியிடுதல் முன்மொழிவு. மற்றவர் அதற்கு இசைதல் ஏற்பு. ஏற்கப்பட்ட முன்மொழிவு வாக்குறுதி. மறுபயனோடு கூடிய வாக்குறுதி உடன்பாடு. சட்டத்தால் நிறைவேற்றத்தக்க உடன்பாடே ஒப்பந்தம். இவ்வைந்தும் மனத்தில் பதிந்தால், எஞ்சியவை இவற்றின் விரிவே.

ஏற்பு என்பது அறிந்து ஏற்றல் என்பதற்கு 1913ஆம் ஆண்டு அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று சான்று. கான்பூரில் ஒருவரின் மருமகன் காணாமற் போனான். அவனைத் தேட அவர் தம் பணியாளரை அரித்துவாரத்துக்கு அனுப்பினார். பின்னர், கண்டுபிடிப்பவர்க்கு 501 ரூபாய் பரிசு என்று துண்டறிக்கை வெளியிட்டார். பணியாளர் சிறுவனைக் கண்டு சேர்த்தார். அறிவிப்பையோ பின்புதான் அறிந்தார். பரிசு கேட்டுத் தொடுத்த வழக்கில் அவர் தோற்றார். அறியாத ஒன்றை ஒருவர் ஏற்றார் என்றல் பொருந்தாது என்பதே காரணம். அறியாமல் செய்த நற்செயலுக்குப் பரிசு இல்லை என்று சொல்லும் சட்டம், அறியாமல் வைத்த கைந்நாட்டுக்குத் தண்டம் விதிக்க மனமுவந்து முந்துமோ? அதன் உள்ளம் அவ்வாறு இல்லை. ஆனால் காகிதத்தில் 'அறிந்தேன்' என்று எழுதியிருந்தால் அது யாது செய்யும்?

மறுபயன் என்பதையும் நம் திருச்சபை வாழ்விலிருந்தே விளக்கலாம். ஆலயக் கட்டட நிதிக்கு நூறு ரூபாய் தருவதாகப் பெயர் எழுதிவிட்டுத் தராமலிருப்பவர்மேல் வழக்குத் தொடுக்கலாமா? வெறும் வாக்குறுதியாயின், பொதுவாக இயலாது. மறுபயனற்ற உடன்பாடு சில விலக்குகள் நீங்கலாகச் செல்லாது என்பது 25ஆம் பிரிவு. பள்ளிவாசல் செப்பனிட 500 ரூபாய் தருவதாகச் சொன்னவர் பற்றிய 1914ஆம் ஆண்டு வழக்கில், அச்சொல்லை நம்பி எதுவும் செய்யப்படாமையின், பணம் பெற இயலவில்லை. ஆனால் ஹௌரா நகர மண்டபத்துக்கு 100 ரூபாய் தருவதாகக் கையொப்பமிட்டவர், 1886ஆம் ஆண்டு கல்கத்தாத் தீர்ப்பின்படி கொடுக்கவேண்டியவரானார். அவர் போன்றோர் சொல்லை நம்பிக் கட்டட வேலை ஒப்படைக்கப்பட்டுவிட்டது. ஒருவர் சொல்லை நம்பி மற்றொருவர் தம் தோளில் சுமையேற்றிக்கொண்டால், முன்னவர் விலகி நடக்கலாகாது என்பது இதன் நீதி.

ஒப்பந்தம் செய்யும் தகுதி பற்றியது 11ஆம் பிரிவு. நம் கல்லூரியின் முதலாண்டு மாணவருள் 18 வயது நிரம்பாதோர் பலர் உளர். 1895ஆம் ஆண்டு கல்கத்தாவில் அத்தகைய இளைஞர் ஒருவர், 20,000 ரூபாய்க்கு வீட்டை அடமானம் எழுதிக்கொடுத்தார். கடன் கொடுத்தவரின் முகவர்க்கு அவர் வயது நிரம்பாதவர் என்பது தெரியும். 1903ஆம் ஆண்டு பிரிவிக் கவுன்சில், வயது வராதவரின் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று தீர்த்தது. மோரி பீபி வழக்கு என்று வகுப்பிலே அதனைப் போற்றிச் சொல்லுவர்.

இவை எல்லாவற்றுக்கும் உயிர்நிலையாய் நிற்பது சம்மதம். இருவரும் ஒரே பொருளை ஒரே கருத்தில் கொண்டு இசைதலே சம்மதம் என்கின்றது 13ஆம் பிரிவு. சாட்சி என்று ஒருவரும் ஜாமீன் என்று மற்றவரும் எண்ணியிருப்பின், அங்கே சம்மதம் எங்கே? அச்சம்மதமும் வற்புறுத்தல், தகாச் செல்வாக்கு, மோசடி, திரிபுரை, தவறான எண்ணம் ஆகியவற்றால் மாசுபடாததாய் இருத்தல் வேண்டும் என்பது 14ஆம் பிரிவு. இதில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புகள் இரண்டு நெஞ்சை உருக்குவன. 1889ஆம் ஆண்டு வழக்கில், கணவனை இழந்த பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியிடம், ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தாலன்றிக் கணவன் உடலை எடுக்கவிடோம் என்று உறவினர் தடுத்து நின்று, அவளை உடன்படுத்தினர். அத்தத்து அவளைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் கூறிற்று. 1917ஆம் ஆண்டு வழக்கில், விடுதலைப் பத்திரம் எழுதித் தராவிடில் தற்கொலை செய்துகொள்வேன் என்று கணவர் மிரட்ட, மனைவியும் மகனும் எழுதித் தந்தனர். அதுவும் வற்புறுத்தலே என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தனர்.

இவ்விரு வழக்குகளிலும் யாரோ ஒருவர் எழுத்தாணியோ பேனாவோ பிடித்துப் பத்திரம் எழுதியிருக்கக்கூடும் அன்றோ? 'எவ்விதமான நிர்ப்பந்தமும் இன்றி' என்னும் தொடர் நம் பத்திரங்களில் பெரும்பாலும் தவறாது காணப்படுவது. அது யாரோ அழகுக்காகச் சேர்த்த தொடர் அன்று. 14ஆம் பிரிவின் தமிழ் வடிவமே அது. அதனை எழுதும் ஒவ்வொரு முறையும், 'நிர்ப்பந்தம் இல்லையா, அம்மா?' என்று கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். கேளாது எழுதுபவன் பொய்ச் சாட்சி எழுதுபவனே. படிவத்தை மட்டும் கற்றவனுக்கு அத்தொடர் வெற்றொலி. அடிப்படையைக் கற்றவனுக்கு அது வினா. இதுவே யாம் அடிப்படைக் கல்வியை வற்புறுத்துவதன் காரணம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் நேர்மையோடு ஆராய்தல் வேண்டும். முதலாவது: 'கையொப்பமிடுபவர் தாமே வாசித்தறிய வேண்டும், வாசியாது இட்டுவிட்டுப் பின்னர்ப் புலம்பினால் வாணிகம் நடப்பது எங்ஙனம்?' என்பர். இதில் உண்மை உண்டு. எழுத்தறிந்தவர், வாசிக்க வாய்ப்பிருந்தும் வாசியாது கையொப்பமிட்டால், நீதிமன்றம் எளிதில் இரங்காது; இரங்கலும் ஆகாது. ஒருவர் கையொப்பத்தை மற்றவர் நம்புதற்கு உரிமை இல்லையேல், நாட்டில் கடனும் இல்லை, கடையும் இல்லை. ஆனால் யாம் பேசுவது எழுத்தறியாதார் பற்றியும், அறியாத மொழியில் எழுதப்பட்ட பத்திரம் பற்றியுமே. கண்ணில்லாரைப் பார்த்து நடக்கச் சொல்லுவது நீதி ஆகாது.

இரண்டாவது: 'பொறுப்பு வக்கீலுடையது, உதவியாளன் எழுதுகோல் போன்றவன்' என்பர். சட்டம் அறிந்து அறிவுரை கூறுதல் வக்கீலின் தொழில். அதனுள் உதவியாளர் நுழையலாகாது என்பதை யாமும் ஒப்புகின்றோம். ஆனால் எழுதியதை உரக்க வாசித்தல் அறிவுரை அன்று. ஐயம் எழுந்தால், 'சற்றே பொறுங்கள், வக்கீலைக் கேட்டு வருகின்றேன்' என்று சொல்லுதல் வரம்பு மீறுதல் அன்று. எங்கே ஐயுற வேண்டும் என்று அறிதற்கே அடிப்படை அறிவு வேண்டும்.

மூன்றாவது: 'காலம் இல்லை' என்பர். எம் குமாஸ்தா கூறிய விடையும் இதுவே. அவர் தீயவர் அல்லர். நாள்தோறும் இருபது முப்பது பேர்க்கு எழுதிக்கொடுத்து முதுகு வளைந்தவர். ஆயினும் அப்பத்திரம் இரண்டு பக்கம். வாசிக்க ஐந்து நிமிடம் போதும். ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தி, ஒரு முதியவரின் ஆயுட்காலச் சேமிப்பைப் பணயம் வைத்தோம்.

எழுதுவோன் வாசித்தல் வேண்டும் என்பது யாம் புதிதாகக் கண்ட கொள்கையும் அன்று. சேக்கிழார் பெரியபுராணத்தில், சுந்தரரை அடிமை என்று சொல்லி வந்த முதியவர் ஓலை ஒன்றைக் காட்டுகின்றார். சுந்தரர் அதனைக் கிழித்துவிட, அது படியோலை. மூல ஓலை உள்ளது என்கின்றார். வெண்ணெய்நல்லூர்ச் சபையில் கரணத்தார் அம்மூல ஓலையைப் பெற்று, சுருள் நீக்கி, சபையோர் கேட்க வாசிக்கின்றார். அதன் பின்னரே பாட்டனாரின் கையெழுத்து வேறோர் ஓலையோடு ஒப்பு நோக்கப்படுகின்றது. பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டுமோ என்பதும், மனிதனை மனிதனுக்கு அடிமையாக்கும் எழுத்துச் செல்லுமோ என்பதும் இன்று வேறு விதமாகவே விடை பெறும். ஆனால் வாசித்துக் கேட்பித்த பின்னரே வழக்கு நடந்தது என்பதைக் காண்க.

வேதாகமத்திலும் எரேமியா தீர்க்கதரிசி, ஆனதோத்திலுள்ள நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்குகின்றார். பத்திரத்தில் கையொப்பமிட்டு, முத்திரை வைத்து, சாட்சிகளை நிறுத்தி, முத்திரையிட்ட படி ஒன்றும் திறந்த படி ஒன்றுமாக, எல்லாரும் பார்த்திருக்க எழுத்தரான பாருக்கின் கையில் கொடுக்கின்றார். மூடியது காவலுக்கு, திறந்தது யாவரும் அறிதற்கு. நெகேமியாவின் நாளிலோ நியாயப்பிரமாணத்தைத் தெளிவாக வாசித்து, பொருளையும் சொல்லி, மக்கள் விளங்கிக்கொள்ளச் செய்தனர் என்று படிக்கின்றோம். இறைவனின் கட்டளையே விளங்குமாறு வாசிக்கப்பட வேண்டுமாயின், மனிதரின் கடன் பத்திரம் மட்டும் விளங்காமல் கிடப்பது தகுமோ?

இனி, தமிழ் மாணவர்க்கு இதில் என்ன வேலை என்ற வினாவுக்கு வருவோம். எம் பயிற்சி வகுப்பில் பாடநூல் ஆங்கிலம், தேர்வும் ஆங்கிலம், ஆனால் மேசைக்கு முன் வந்து நிற்பவர் பேசுவதோ தமிழ். பிரிவுகளை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவர் பலர், அவற்றைத் தம் தாய்க்கு விளக்கச் சொன்னால் திகைக்கின்றனர். ஒன்று தொடக்கத்திலேயே செல்லாதது. மற்றொன்று பாதிக்கப்பட்டவர் தள்ளும்வரை செல்லுவது. ஆங்கிலத்தில் இவ்விரண்டும் ஒலியால் நெருங்கிய இரு சொற்கள். தமிழில் 'செல்லாதது' என்றும் 'தள்ளத்தக்கது' என்றும் கூறினால், கல்லாதாரும் வேறுபாடு உணர்வர். 'மறுபயன்' என்னும் சொல் தன் பொருளைத் தானே விளக்குகின்றது. அரசு வெளியிட்ட சட்டச் சொல்லகராதி உண்டு. 1956ஆம் ஆண்டிலேயே நம் மாநிலத்தில் தமிழ் ஆட்சிமொழி ஆயிற்று. சொல் இல்லை என்பது குறையன்று. சொல்லிக் கொடுப்பார் இல்லை என்பதே குறை. யாப்பையும் அணியையும் பயின்று சொல்லின் நுண்பொருள் காணப் பழகிய நம்மினும் இப்பணிக்கு உரியவர் யாவர்?

இத்தேவை முதியோர்க்கும் எழுத்தறியாதார்க்கும் மட்டும் என்று எண்ணற்க. நம் கைப்பேசித் திரையில் 'ஒப்புக்கொள்கின்றேன்' என்னும் கட்டத்தைத் தொடுகின்றோம். மின்வழியில் அமைந்தமை பற்றி மட்டுமே ஓர் ஒப்பந்தம் செல்லாது என்று தள்ளுதற்கில்லை என, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தம் 10அ பிரிவைச் சேர்த்துள்ளது. ஆகவே விரல் தொடும் அக்கட்டமும் ஒருவகைக் கைந்நாட்டே. வலியார் எழுதி எளியார்மேல் சுமத்தும் நேர்மையற்ற விதியை 23ஆம் பிரிவின்கீழ்ப் பொதுநலத்துக்கு மாறானது என்று 1986ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தள்ளியதுண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் நேர்மையற்ற ஒப்பந்தம் இன்னது என்று வரையறுத்துள்ளது. ஆயினும் இக்காவல்கள் எல்லாம் நீதிமன்றம் ஏறிய பின்னர்க் கிடைப்பன. தொடுவதற்கு முன் வாசித்தல் வீட்டிலேயே கிடைக்கும் காவல். மாமியாரின் கைந்நாட்டுக்கு இரங்கும் பட்டதாரி, நேற்றுத் தாம் எதற்கு ஒப்புக்கொண்டோம் என்பதைச் சொல்ல மாட்டாதவராயின், இருவர்க்கும் வேறுபாடு யாது?

ஆதலின் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். முதலாவது, சட்ட உதவியாளர் வகுப்புகளை நடத்துவோர்க்கு: படிவம் எழுதும் பயிற்சிக்கு முன், முன்மொழிவு முதல் ஜாமீன் ஈறான அடிப்படைகளைத் தமிழிலும் கற்பித்து, ஒவ்வொரு மாணவரும் ஒரு பத்திரத்தைச் சட்டம் அறியாத ஒருவர்க்கு வாசித்து விளக்கிக் காட்டுதலைத் தேர்வின் ஒரு பகுதியாக ஆக்குக. இரண்டாவது, இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருள் வக்கீல்களாய் விளங்கும் பெரியோர்க்கு: எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறையேனும் வந்து, வாடகைப் பத்திரம், புரோநோட்டு, ஜாமீன், வேலை ஒப்பந்தம் ஆகிய நான்கினையும் எங்களுக்கு வாசித்துக் காட்டுக. மூன்றாவது, உடன் பயிலும் நண்பர்க்கு: விடுமுறையில் ஊர் செல்லும்போது, வீட்டுப் பெட்டியில் உள்ள பத்திரங்களை எடுத்துப் பெற்றோர்க்கு வாசித்துக் காட்டுங்கள். தாம் எதில் கையொப்பமிட்டோம் என்பதைப் பலர் அன்றே முதன்முதலாக அறிவர்.

அம்மையார் செய்தி என்னவாயிற்று என்று கேட்கக்கூடும். வகுப்புக்கு மறுநாள் வக்கீலிடம் யாவற்றையும் சொன்னோம். அவர் எம்மைக் கடிந்தார், குமாஸ்தாவையும் கடிந்தார். இரு தரத்தாரையும் அழைத்து அனுப்பினார். கடன் கொடுத்தவர் வரவில்லை. அம்மையார் வந்தார். வக்கீல் பத்திரத்தின் படியை அவர்க்கு மெல்ல வாசித்துக் காட்டி, அவர்க்கு உள்ள வழிகளையும் கூறினார். கேட்டு முடித்தபின் அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "மகளுக்கு இது தெரிய வேண்டாம்" என்று மட்டும் சொல்லிச் சென்றார். மருமகன் இன்றளவும் தவணை தவறவில்லை என்று கேள்வி. அஃது எம் நற்பேறு, எம் நேர்மையன்று.

அதன் பின்னர் அவ்வலுவலகத்தில் இருந்த நாட்களில், யாம் எழுதிய ஒவ்வொரு பத்திரத்தையும் மைத்தட்டைத் திறக்கும் முன் உரக்க வாசித்தோம். ஒரு முறை, ஒத்திக்கு நிலம் எழுத வந்த உழவர் ஒருவர், பாதியில் கையமர்த்தி, "இது மூன்று வருஷம் என்றுதானே பேச்சு? ஐந்து என்று எப்படி வந்தது?" என்று கேட்டார். பழைய படிவத்திலிருந்து மாற்றாமல் விட்ட எம் பிழை அது. திருத்தி எழுதினோம். குமாஸ்தா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் முதல் தாம் எழுதியதைத் தாமும் வாசிக்கத் தொடங்கினார்.